ஒரே ஒருத்தரைப் பார்க்கப் போங்கள்

கேள்வி-பதில்: பழைய மாணவர் சந்திப்புச் சிறப்புப் பகுதி

மே மாதம் பிறந்தால் கல்யாணப் பத்திரிகைகளோடு இன்னொரு அழைப்பும் வந்துவிடுகிறது: 'பத்தாம் வகுப்புத் தோழர்கள் சந்திப்பு, 25ஆம் ஆண்டு.' போகலாமா, வேண்டாமா என்று கேட்டு ஏகப்பட்ட கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்தத் தடவை முழுப் பகுதியும் அவற்றுக்கே.

25 வருஷமாகத் தொடர்பே இல்லாதவர்களை ஒருநாள் பார்த்து என்ன ஆகப்போகிறது? லீவு போட்டு, பஸ் ஏறி, அவ்வளவு தூரம் போவதில் பிரயோஜனம் உண்டா?
– ஓசூர் வாசகர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 பேர் வருகிறார்கள். காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை நிகழ்ச்சி. வரவேற்புரை, ஆசிரியர்களுக்கு மரியாதை, சாப்பாடு, குரூப் போட்டோ என்று 3 மணி நேரம் போய்விடும். மிச்சம் 180 நிமிடம். ஆளுக்கு 3 நிமிடம். 'எங்கே இருக்கே, எத்தனை பசங்க' என்பதைத் தாண்டாது. இதற்காக நீங்கள் பஸ் ஏற வேண்டியதில்லை.

இப்போது கண்ணை மூடி உங்கள் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். முதலில் எந்த முகம் வருகிறது? அந்த 180 நிமிடத்தையும் அந்த முகத்துக்கே கொடுப்பதாக இருந்தால் தாராளமாகப் போங்கள். பேட்ச் முழுவதையும் பார்க்கப் போகிறவருக்கு அலுப்புதான் மிஞ்சும். ஒருத்தரைப் பார்க்கப் போகிறவருக்கு அந்த ஒருத்தர் மிஞ்சுவார்.

அந்த ஒருத்தர் வருவாரா என்று தெரியவில்லையே?
– கரூர் வாசகர்

போன் போட்டு, 'நீ வந்தா நான் வர்றேன்' என்று சொல்லுங்கள். விழாக்குழு அடித்த அழைப்பிதழைவிட இந்த நாலு வார்த்தைக்கு இழுவை அதிகம்.

முடி கொட்டிவிட்டது, தொப்பை போட்டுவிட்டது. பத்தாம் வகுப்பில் நான் ஓட்டப்பந்தய வீரன். இந்தக் கோலத்தில் எப்படிப் போய் நிற்பது?
– சேலம் வாசகர்

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு சோதனை செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கூச்சம் தரக்கூடிய ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர் ஒருவருக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். 'எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?' என்று பிறகு கேட்டபோது, ஏறக்குறையப் பாதிப்பேர் என்று போட்டுக்கொண்டவர் நினைத்தார். உண்மையில் கவனித்தவர்கள் கிட்டத்தட்டக் கால்வாசிப் பேர்தான்.

அது இளவட்டங்கள் நிறைந்த அறை. நீங்கள் போகப்போவது, வந்திருக்கும் ஒவ்வொருவரும் தன் தொப்பையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும் மண்டபம். உங்களுடையதைப் பார்க்க யாருக்கு நேரம்? ஒருவேளை யாராவது, 'அந்த 400 மீட்டர் ஓட்டம் ஞாபகம் இருக்காடா?' என்று கேட்பார்கள். நீங்கள் ஓடியதை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான். உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்ததில்லை.

நான் டீக்கடை வைத்திருக்கிறேன். கூடப் படித்தவர்கள் டாக்டர், இன்ஜினீயர், அமெரிக்கா என்று இருக்கிறார்கள். போனால் மதிப்பார்களா?
– விருத்தாசலம் வாசகர்

நம் கதைகளிலேயே பள்ளித் தோழர் சந்திப்பு இரண்டு உண்டு. ஒன்று, துரோணர் துருபதனைப் பார்க்கப் போனது. ஒரே குருவிடம் படித்தவர்கள். அரசனான துருபதன், 'எனக்கும் உனக்கும் என்ன நட்பு?' என்று சொல்லி அனுப்பினான். அந்த ஒரு வார்த்தை குருக்ஷேத்திரம் வரைக்கும் எரிந்தது. இன்னொன்று, குசேலர் துவாரகைக்குப் போனது. சாந்தீபனியிடம் கூடப் படித்த கண்ணன் வாசல்வரை ஓடிவந்து கட்டிக்கொண்டு, அவர் மறைத்து வைத்திருந்த அவல் முடிச்சைத் தானே கேட்டு வாங்கித் தின்றான்.

இரண்டு கதையிலும் போனவர் ஏழைதான். கதையை மாற்றியது வாசலில் நின்றவர். ஆகவே மதிப்பு பற்றிய கவலை உங்களுக்கு உரியதல்ல. அது டாக்டருக்கும் இன்ஜினீயருக்கும் வைக்கப்படும் பரீட்சை. வாசல்வரை ஓடிவரத் தெரிகிறதா என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

விழாக்குழுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேடையில் ஒவ்வொருவரையும் அழைத்து, 'இப்போ என்ன பண்றீங்க' என்று மைக்கில் கேட்காதீர்கள். 'எந்த பெஞ்சில் உட்கார்ந்தீர்கள், பக்கத்தில் யார்?' என்று கேளுங்கள். எல்லோராலும் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடிகிற கேள்வி அது.

ஆளுக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். இந்த மாதம் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். என்ன சொல்லித் தப்பிப்பது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், திண்டுக்கல்

தப்பிக்க வேண்டாம். அமைப்பாளர்களில் உங்களுக்கு நெருங்கிய ஒருவரிடம் தனியாக, 'இந்தத் தடவை முடியலடா' என்று சொல்லுங்கள். அவர் நல்ல நண்பராக இருந்தால், 'காசை விடு, நீ வா' என்பார். அப்படிச் சொன்னால் தயங்காமல் போங்கள்.

கோளாறு உங்களிடம் இல்லை, வசூல் முறையில் இருக்கிறது. பணம் கட்டியவர்களின் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் போடுகிறார்கள். உற்சாகப்படுத்தத்தான் போடுகிறார்கள். ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவர் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக் குன்றிப்போகிறார். ஒருநாள் சத்தமில்லாமல் குரூப்பைவிட்டு வெளியேறுகிறார். நல்ல வழி ஒன்று உண்டு. முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுக்கட்டும். யார் எவ்வளவு என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். ஏ.சி. மண்டபத்துக்குப் பதில் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் போதும். அங்கேதானே அன்றைக்கும் தூக்குவாளியைத் திறந்தோம்!

எங்கள் பேட்ச் சந்திப்புகளில் ஆண்கள் 40 பேர் வந்தால் பெண்கள் 6 பேர்தான் வருகிறார்கள். 'கூப்பிட்டோம், வரவில்லை' என்கிறார்கள். ஏன் இப்படி?
– மன்னார்குடி வாசகி

கூப்பிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். கூடப் படித்த பையனின் வீடு பெரும்பாலும் அதே தெருவிலோ, விசாரித்தால் தெரிகிற தூரத்திலோ இருக்கும். பெண்ணுக்குக் கல்யாணத்தோடு ஊர் மாறுகிறது, இனிஷியல் மாறுகிறது, போன் நம்பர்கூடச் சில வீடுகளில் கணவருடையதாகவே இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரை வைத்து ஃபேஸ்புக்கில் தேடினால் எப்படிக் கிடைப்பாள்? அவளுடைய அம்மா வீட்டுத் தெருவுக்கு நேரில் போங்கள். அண்ணன் இருப்பார், சித்தி இருப்பார். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

கிடைத்த பிறகு நாள் குறிப்பதைப் பாருங்கள். பொங்கலுக்கு மறுநாள், தீபாவளிக்கு மறுநாள் என்று வைத்தால் ஆண்களுக்கு விடுமுறை. பெண்களுக்கு அன்றைக்குத்தான் விருந்தாளி, அடுப்படி, நாத்தனார் வருகை எல்லாம். பண்டிகையை ஒட்டாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பாருங்கள். சாயங்கால பஸ்ஸைப் பிடிக்கும் நேரத்துக்கு முடியுங்கள். குழந்தைகளை அழைத்துவரலாம் என்று அழைப்பிதழிலேயே போடுங்கள். கூப்பிடும் பொறுப்பை ஒரு பெண்ணிடம் கொடுங்கள். 'நானும் வர்றேன், ஸ்டாண்டில் நிற்கிறேன், சேர்ந்து போகலாம்' என்று ஒரு தோழி சொன்னால் போதும், பாதித் தடை விலகிவிடும்.

வந்தவர்களிடம் 'எத்தனை குழந்தைங்க?', 'வீட்டுக்காரர் வரலையா?' என்று எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். குழந்தை இல்லாதவர், கணவரை இழந்தவர், தனியாக வாழ்கிறவர் எல்லோரும் அந்த 6 பேருக்குள் இருக்கலாம். 'இப்பவும் பாடுறியா?' என்று கேளுங்கள். அவர் அன்றைக்கு அந்த வகுப்பில் பாடியவர்.

'96' படம் பார்த்ததிலிருந்து, நான் ரீயூனியன் என்றாலே என் மனைவி முகம் மாறுகிறது. என்ன செய்ய?
– தஞ்சாவூர் வாசகர்

பிரேம்குமார் இயக்கி 2018இல் வந்த அந்தப் படம் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொடங்குகிற கதை. மனைவியின் கவலை உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பதினைந்து வயதுக் கதைகளை ஊரே சொல்லக் கேட்டால், அவருக்கு இன்னும் கொஞ்சம் உங்களைப் பிடிக்கும்.

அன்று சொல்லாமல் விட்டதை இன்று அவளிடம் சொல்லலாமா?
– கோவை வாசகர்

சொல்ல வேண்டிய காலத்தில் நீங்கள் சொல்லவில்லை. இன்று அவர் ஒரு வாழ்க்கையைக் கட்டி முடித்து, ஒருநாள் சிரிக்க வந்திருக்கிறார். உங்கள் பாரத்தை இறக்கிவைக்க அவர் தலையைக் கேட்காதீர்கள். 'சௌக்கியமா?' என்று கேளுங்கள். முழு மனதோடு கேட்டால் அதுவே நிறைவு.

பள்ளியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. என் பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்களே!
– பொள்ளாச்சி வாசகர்

திருக்குறளில் நட்பைப் பற்றி 79ஆம் அதிகாரம், நட்பை ஆராய்வது பற்றி 80ஆம் அதிகாரம். 81க்கு வள்ளுவர் வைத்த தலைப்பு 'பழைமை'. பழகிய நண்பர் உரிமையோடு எடுத்துக்கொள்ளும் சலுகையை ஏற்றுக்கொள்வதுதான் பழைய நட்பு என்பது அந்த அதிகாரத்தின் சாரம். பட்டப்பெயர் அந்தக் கணக்கில் வந்தால் பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களும் சிரியுங்கள்.

ஆனால் 82ஆம் அதிகாரம் 'தீ நட்பு'. நிறத்தை, திக்குவாயை, அப்பாவின் தொழிலை வைத்துக் கூப்பிட்ட பெயர் பட்டப்பெயர் அல்ல, காயம். அதைச் சொன்னவர் மறந்திருப்பார், சுமந்தவர் மறக்கவில்லை. அப்படியான பெயர் என்றால், 'என் பேர் இதுதான்' என்று முதல் முறையே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நண்பராக இருந்தால் திருத்திக்கொள்வார்.

என்னைச் சாதி சொல்லித் தள்ளி வைத்தவர்கள் இன்று 'நாமெல்லாம் ஒண்ணுமண்ணா இருந்தோமே' என்று அழைக்கிறார்கள். நெஞ்சு கொதிக்கிறது. போக வேண்டுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

வேண்டியதில்லை. ஒரே வகுப்பறையில் இருவேறு பள்ளிக்கூடங்கள் நடந்திருக்கின்றன. அவர்கள் நினைத்து உருகுவது ஒன்றை, நீங்கள் படித்து வந்தது இன்னொன்றை. இது பழைய கதையும் அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் கூடப் படித்தவர்களே இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்திலிருந்து பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி வரைக்கும் அந்த அறிக்கை பேசியது.

உங்களுக்கு ஒரு முகமாவது நினைவுக்கு வந்தால், அன்று தன் டிபன் பாக்ஸை உங்கள் பக்கம் நகர்த்திய ஒருத்தர் இருந்தால், அவரை மட்டும் தனியாகப் போய்ப் பாருங்கள். அதற்கு மண்டபமும் மேடையும் தேவையில்லை. அழைப்பு அனுப்பியவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பழைய நினைவுகளைப் பேச விரும்பினால் முதலில் இந்த நினைவைப் பேசுங்கள். மன்னிப்புக் கேட்கத் தயாராக இல்லாத இடத்தில் 'ஒண்ணுமண்ணா' என்ற சொல்லுக்கு வேலை இல்லை.

எங்களை அடித்து நொறுக்கிய ஆசிரியரை மேடையேற்றி, 'அந்த அடிதான் எங்களை ஆளாக்கியது' என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு மட்டும் கை தட்ட வரவில்லை. நான் நன்றி கெட்டவனா?
– ஈரோடு வாசகர்

இல்லை. அடி வாங்கிப் படிப்பை விட்டவர்கள் அந்த மண்டபத்தில் இல்லை. அதனால்தான் அந்தப் பேச்சு எதிர்ப்பின்றி நடக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் மாணவரை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. இன்றைக்குப் படிக்கும் பிள்ளைகள் முன்னால் அடியைப் புகழ்ந்து பேசுவது அந்தச் சட்டத்தின் மேல் மண்ணை அள்ளிப் போடுவது. வயதானவரை அவமதிக்கவும் வேண்டாம், அடியை ஆசீர்வாதம் ஆக்கவும் வேண்டாம். உங்களுக்கு எழுத்தை நேசிக்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் இருந்திருப்பாரே? அவர் பெயரை மைக்கில் சொல்லுங்கள். உங்கள் கை தானாகத் தட்டும்.

ஆசிரியர்களுக்கு என்ன செய்தால் அவர்கள் மனம் குளிரும்? சால்வையும் கேடயமும் வழக்கமாகிவிட்டது.
– காரைக்குடி வாசகி

வீட்டுக்குக் கார் அனுப்புங்கள். வந்ததும் கழிப்பறைக்குப் பக்கமான, காற்று வருகிற இடத்தில் உட்கார வையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு போடுங்கள், மேடை முடியும்வரை காக்க வைக்காதீர்கள். அப்புறம் அவர்களைப் பேச விடுங்கள். முடிந்தால் பழைய வகுப்பறையிலேயே உட்கார்ந்து, கரும்பலகையில் ஒரு பாடம் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டு அலமாரியில் சால்வைகள் அடுக்கி இருக்கும். 'டீச்சர், நீங்க திருத்திக் கொடுத்த கட்டுரையை இன்னும் வெச்சிருக்கேன்' என்று யாரும் அதற்குமுன் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தினமும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பேசுகிறோமே. அப்புறம் எதற்கு நேரில்?
– சென்னை வாசகர்

வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1,024 பேர்வரை சேர்க்க இடம் கொடுக்கிறது. மனிதர் ஒருவரால் பராமரிக்க முடிகிற உறவுகள் சுமார் 150 என்று கணித்தார் பிரிட்டிஷ் மானுடவியல் அறிஞர் ராபின் டன்பார். உங்கள் குரூப்பை எடுத்துப் பாருங்கள். தினமும் 'குட் மார்னிங்' போடுகிறவர்கள் யார் யார் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் படித்துவிட்டு நகர்கிறவர்கள். அவர்களில் ஒருவருக்கு இன்று தனியாக, 'உன் ஞாபகம் வந்தது' என்று அனுப்புங்கள். இப்படி நாம் விசாரிப்பதை எதிராளி எவ்வளவு மதிப்பார் என்பதை நாம் குறைத்தே எடைபோடுகிறோம் என்று பெகி லியூவும் மற்றவர்களும் செய்து 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எதிர்பாராத விசாரிப்பாக இருந்தால் மதிப்பு இன்னும் கூடுகிறதாம்.

தூங்கிப்போன தொடர்பை எழுப்புவதில் வேறு லாபமும் உண்டு. டேனியல் லெவின், ஜார்ஜ் வால்டர், கீத் மர்னிகன் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது 3 வருஷம் தொடர்பில் இல்லாதவர்களிடம் யோசனை கேட்கும்படி நிர்வாகிகளைத் தூண்டினார்கள். தினமும் பழகுகிறவர்கள் சொல்லாத புது யோசனைகள் அவர்களிடமிருந்து கிடைத்தன. காரணம் எளிது. நம்மோடு இருப்பவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். பிரிந்து போனவர்கள் வேறு உலகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள், ஆனால் நம்மைத் தெரிந்தவர்களாகவே வருகிறார்கள்.

அப்படியென்றால் என் இன்சூரன்ஸ், வீட்டுமனைத் தொழிலைப் பற்றி அங்கே பேசலாமா?
– திருப்பூர் வாசகர்

அவர்களாகக் கேட்டால் பேசுங்கள். நீங்களாகப் பை திறந்தால், அடுத்த சந்திப்பில் உங்களைப் பார்த்ததும் பந்திக்கு எழுந்து போவார்கள்.

சாயங்காலம் 'தனி ஏற்பாடு' உண்டு என்கிறார்கள். அதுவும் ஒரு சந்தோஷம்தானே?
– புதுச்சேரி வாசகர்

அந்த நிமிடத்தில் சந்திப்பு இரண்டாக உடைகிறது. பெண்கள் கிளம்புகிறார்கள். பாடுபட்டுக் குடியை விட்ட நண்பர் ஒருவர் மூலையில் தவிக்கிறார். இரவில் வண்டியோட்டித் திரும்ப வேண்டியவர்கள் இருக்கிறார்கள். 25 வருஷம் கழித்துச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே பந்தியில் இருப்பதுதான் சந்தோஷம்.

நாங்கள் 11ஆம் வகுப்போடு பள்ளி முடித்த பழைய எஸ்.எஸ்.எல்.சி. ஆட்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் ஆட்கள் குறைகிறார்கள். நிறுத்திவிடலாமா?
– கும்பகோணம் வாசகர்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ 1978-79 கல்வியாண்டில் வந்தது. நீங்கள் அதற்கு முந்தைய கடைசி அணி. உங்களுக்குப் பிறகு அந்த அனுபவம் யாருக்கும் இல்லை. நிறுத்தாதீர்கள், சிறிதாக்குங்கள். 5 வருஷத்துக்கு ஒரு தடவை மண்டபம் என்பதை விட்டு, 6 மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் வீட்டுத் திண்ணை என்று மாற்றுங்கள். நடக்க முடியாதவர் வீட்டுக்கு மற்றவர்கள் போங்கள். மறைந்த நண்பரின் வீட்டுக்கும் ஒருமுறை போய்வாருங்கள். அவர் மனைவியும் பிள்ளைகளும் அறியாத ஒரு பையனை அவர்களுக்கு அறிமுகம் செய்யுங்கள்.

பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறோம். நுழைவாயில் வளைவு கட்டி, பேட்ச் பெயர் பொறிக்கலாம் என்று யோசனை.
– தருமபுரி வாசகர்

வளைவுக்குள் நுழையும் பெண் பிள்ளை, சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வராத பள்ளியில் பிள்ளைகள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். மோட்டார், தண்ணீர்த் தொட்டி, தாழ்ப்பாள், சுத்தம் செய்கிறவருக்கு மாதச் சம்பளம் ஆகியவற்றில் கல்வெட்டு வைக்க இடம் இருக்காது. அங்கேதான் உங்கள் பணம் வேலை செய்யும்.

தலைமையாசிரியரிடம் போய், 'எங்களுக்கு இது தோணுது' என்று தொடங்காமல், 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால், தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாக முன்னாள் மாணவர்களும் உதவலாம். ஊரிலேயே இருக்கும் நண்பர் யாராவது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்குப் போய்வந்தால், கொடுத்த மோட்டார் ஓடுகிறதா என்று ஆண்டு முழுதும் தெரியும். 2007இல் தங்கர் பச்சான் எடுத்த 'பள்ளிக்கூடம்' படத்திலும் பழைய மாணவர்கள் ஒன்றுசேர்வது பள்ளியைக் காப்பாற்றத்தான்.

யாழ்ப்பாணத்தில் படித்து, கனடாவில் இருக்கிறேன். பழைய மாணவர் சங்க இராப்போசனத்துக்கு வருஷா வருஷம் கூப்பிடுகினம். ஊரே இல்லாமல் போன பிறகு பள்ளிக்கூடம் எதுக்கு என்று தோன்றுகிறது.
– ரொறன்ரோ வாசகர்

ஊர் சிதறிப்போனதால்தான் பள்ளிக்கூடம் வேண்டும். வீடு, காணி, தெரு எல்லாம் கைவிட்டுப் போனவர்களுக்கு, 'இன்ன பள்ளிக்கூடம், இன்ன வருஷம்' என்பது மாறாத விலாசம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெட் ஆட்டம் 1904இல் தொடங்கியது. ஊருக்கு எத்தனையோ நேர்ந்த பிறகும் அந்த ஆட்டம் திரும்பத் திரும்ப உயிர்பெற்றது. எந்தத் தேசத்தில் இருந்தாலும் பழைய மாணவர்கள் அன்று ஸ்கோர் கேட்பார்கள். போங்கோ. உங்கள் தெருவின் பெயரைச் சொன்னதும் தலையாட்டத் தெரிந்தவர்கள் அந்த மேசையில்தான் இருக்கிறார்கள்.

ஒருமுறை போனேன். யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. அசடு வழிந்து திரும்பினேன்.
– நாகர்கோவில் வாசகி

வலித்திருக்கும். ஆனால் அவர்கள் உங்களைப் பிடிக்காமல் ஒதுக்கினார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். ஒருவரோடு பேசிப் பிரிந்ததும், நம்மை அவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதை நாம் குறைவாகவே ஊகிக்கிறோம் என்று 2018இல் எரிகா பூத்பியும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. உங்களைப் போலவே அவர்களும் அன்று இரவு, 'அசட்டுத்தனமாகப் பேசிவிட்டேனோ' என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த முறை விழாக்குழுவிடம் சொல்லி, பள்ளிக்காலப் பெயரும் இனிஷியலும் பெரிய எழுத்தில் போட்ட அட்டை குத்தச் சொல்லுங்கள். நீங்களும், யாருக்கும் அடையாளம் தெரியாமல் ஓரமாக நிற்கும் ஒருத்தரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். அவர் உங்களுக்காகவே வந்தது போல இருக்கும்.

எட்டாம் வகுப்பில் நண்பனின் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துவிட்டு, பழி வேறொருவன் மேல் விழுந்தபோது வாய் திறக்காமல் இருந்தேன். இப்போது சொல்ல வேண்டுமா?
– விருதுநகர் வாசகர்

வேண்டும், இருவரிடமும். பழி சுமந்தவரிடம் முதலில். கூட்டத்தில் வேண்டாம், சாப்பாட்டுக்கு முன்னால் தனியாக அழைத்து, காரணம் அடுக்காமல் நாலு வரியில் சொல்லுங்கள். மன்னித்துவிடு என்று அவசரப்படுத்தாதீர்கள். அடுத்ததாக, அவருடைய பெயரை அன்று கெடுத்தது போலவே இன்று துடைக்கவும் வேண்டும். மற்ற நண்பர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் போயிருக்கிறீர்களா?
– ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி

இரண்டு முறை வேலை என்று சொல்லிப் போகாமல் இருந்தேன். மூன்றாவது முறை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் போன் செய்து, 'நீ வந்தா நான் வர்றேன்' என்றான். போனேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். 'உங்க அப்பா நல்ல மனுஷன்டா' என்றான். ஏழாம் வகுப்பில் ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் பெருமழையாம். அப்பா சைக்கிளில் என்னைக் கூப்பிட வந்தவர், அவனையும் ஏற்றிக்கொண்டாராம். முன்பாரில் நான், பின்னால் கேரியரில் அவன். அப்பாவிடம் ஓர் உரச்சாக்குதான் இருந்தது. அதை அவனுக்குப் போர்த்திவிட்டு, 'நம்ம பையன் நனைஞ்சா தலை துவட்ட வீட்ல ஆள் இருக்கு. உங்க அம்மா வேலைக்குப் போய் வர ராத்திரி ஆகும்ல' என்றாராம்.

அந்த மழை எனக்கு நினைவில் இல்லை. சாக்கும் நினைவில் இல்லை. நான் நனைந்ததுகூட நினைவில் இல்லை. அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, கேட்கவும் முடியாது. என் அப்பா எப்படிப்பட்ட மனுஷர் என்பதற்கான ஒரு சாட்சியத்தை, எனக்குத் தெரியாமலே அவன் இத்தனை காலம் வைத்திருந்தான். அவன் அம்மா எனக்குக் கொடுத்த அரிசி முறுக்கைப் பற்றி நான் சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

குரூப் போட்டோவில் நாங்கள் இருவரும் இல்லை. வராந்தாவிலேயே இருந்துவிட்டோம். இப்போதெல்லாம் மழை பிடித்தால் இருவரில் ஒருவர் போன் செய்துவிடுகிறோம்.